கொங்கு நாட்டுக் குளத்துச் சேற்றில் சிலிக்காவைப் படிக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

பாறையிலிருந்து கரைந்து வரும் சிலிக்காவை நெல்லும் கரும்பும் வேர்வழியே உறிஞ்சி, இலைக்குள் நுண்ணிய கண்ணாடித் துணுக்குகளாகச் சேர்த்து வைக்கின்றன. அவைதான் பைட்டோலித். அதே சிலிக்காவைக் குளத்தில் வாழும் டயட்டம் என்ற ஒற்றைச்செல் பாசி எடுத்துத் தனக்கு ஓடு கட்டிக்கொள்கிறது. செடியும் பாசியும் மடிந்த பிறகு இந்த மிச்சங்கள் சேற்றில் தங்குகின்றன அல்லது மறுபடியும் கரைகின்றன. சிலிக்காவில் உள்ள சிலிக்கான் என்ற தனிமத்துக்கு 28, 29, 30 என்று மூன்று நிலையான ஐசோடோப்புகள் (எடை மட்டும் வேறுபடும் அணு வகைகள்) உண்டு. அவற்றில் எடை குறைந்த 28 மட்டுமே 92 சதவீதம். உயிர்கள் அந்த இலேசானதையே முந்தி எடுப்பதால், தண்ணீரில் மிஞ்சுவது சற்றுக் கனமாகிறது. இந்தச் சிறு வித்தியாசத்தை அளந்தால் சிலிக்கா எந்த வழியாக வந்தது, எவ்வளவு பயன்பட்டது என்று சொல்ல முடியும்.

முறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எவ்வளவோ கிடைக்கிறது. ஆனால் சூலூர்க் குளத்தில் சேறு எடுக்க யாரிடம் மனு கொடுப்பது, திருப்பூருக்குக் கீழே எடுத்த தண்ணீரை எப்படிப் புரிந்துகொள்வது என்பதெல்லாம் அவற்றில் இருக்காது. அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். முதுகலை ஆய்வு அல்லது முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இது உதவும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐசோடோப்பு அளவீடு கடைசிப் படி. சிலிக்கா எங்கிருந்து வந்தது என்ற களத் தகவல் இல்லாமல் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"நொய்யலின் சிலிக்காச் சுழற்சி" என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. ஒரு மாணவரால் முடிக்கக்கூடியவை இவை போன்றவை: வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து காவிரியில் கலக்கும் இடம் வரை கரைந்த சிலிக்கா எப்படி மாறுகிறது? பவானிசாகர் அணைக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் என்ன வேறுபாடு? ஒரு குளத்தின் சேற்றில் நெல்லிலிருந்து தென்னைக்கு மாறிய தடம் தெரிகிறதா?

கேள்வியை முடிவுசெய்ததும் எதிர்பார்க்கும் வேறுபாட்டைத் தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். ஐசோடோப்பு அளவு என்.பி.எஸ்.-28 என்ற குவார்ட்ஸ் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று சொல்லப்படும். டயட்டம் தான் வாழும் நீரைவிட ஏறத்தாழ 1.1 குறைவான மதிப்பைக் கொண்டிருக்கும். நீர் +1.5 என்றால் அதில் முதலில் உருவாகும் ஓடு +0.4 அளவில் இருக்கும். நீரில் சிலிக்கா தீரத் தீர இரண்டும் ஏறும். நல்ல ஆய்வகத்தின் துல்லியம் ஏறக்குறைய 0.1. ஆகவே உங்கள் இரண்டு மாதிரிகளுக்கிடையே எதிர்பார்க்கும் வேறுபாடே 0.1 அல்லது 0.2 என்றால், அந்தக் கேள்விக்கு ஐசோடோப்பு வேண்டாம். நுண்ணோக்கியே போதும், பணமும் மிஞ்சும்.

2. குளத்தின் ஜாதகத்தை எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தப் படியைத்தான். ஏரிச் சேறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு குழாயை இறக்குகிறார்கள். ஆனால் நம் குளங்கள் தூர்வாரப்பட்டவை. வண்டல் மண்ணைத் தோட்டங்களுக்கு ஏற்றிச்செல்வது காலங்காலமாக நடக்கிறது. கோவை மாநகரக் குளங்களில் கரை அமைப்பு, நடைபாதை, சீரமைப்பு வேலைகள் நடந்திருக்கின்றன. மேல் ஒரு மீட்டரை வாரிய குளத்தில் எடுத்த சேற்றுத் தூண் எந்தக் காலத்தையும் காட்டாது.

எனவே மாதிரி எடுப்பதற்கு முன் ஆயக்கட்டுக்காரர்களை (குளத்து நீரில் பாசனம் செய்பவர்களை) பாருங்கள். மதகுக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் வயதானவர்கள்தான் சிறந்த ஆவணம். "கடைசியாக எப்போது மண் எடுத்தார்கள், எந்தப் பக்கம் எடுத்தார்கள், எந்தப் பக்கம் எடுக்கவில்லை?" என்று கேளுங்கள். லாரி இறங்க முடியாத ஆழமான மூலையோ நாணல் அடர்ந்த ஓரமோ கலையாமல் இருக்கலாம். மீன் குத்தகைதாரருக்கும் இது நன்றாகத் தெரியும்.

அடுத்து, சுற்றியிருக்கும் சிலிக்கா மூலங்களை வரைபடத்தில் குறியுங்கள். கொங்குப் பகுதியில் கவனிக்க வேண்டியவை இவை.

அரிசி ஆலைச் சாம்பல்: காங்கேயம் பக்கம் ஆலைகள் அதிகம். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. அது வாய்க்காலில் விழுந்து குளத்துக்கு வந்தால், உயிர்வழிச் சிலிக்கா (செடியும் பாசியும் உருவாக்கிய சிலிக்கா) அளவு திடீரென ஏறியதுபோல் காட்டும். குளத்து உயிர்களுக்கும் அந்த ஏற்றத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

சாயப்பட்டறையும் சலவைப்பட்டறையும்: பெராக்சைடு கொண்டு துணி வெளுக்கும்போது சோடியம் சிலிக்கேட்டை நிலைப்படுத்தியாகச் சேர்ப்பது பழைய வழக்கம். திருப்பூருக்குக் கீழே, ஒரத்துப்பாளையம் வரை எடுக்கும் நீரில் கரைந்த சிலிக்கா அதிகமிருந்தால் உடனே பாறைச் சிதைவு என்று எழுதிவிடாதீர்கள். சோடியம், குளோரைடு, கடத்துத்திறன் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

வார்ப்படத் தொழில்: கோவையின் வார்ப்பாலைகள் அச்சுக்குச் சிலிக்கா மணலையும், சில முறைகளில் பிணைப்பானாகச் சோடியம் சிலிக்கேட்டையும் பயன்படுத்துகின்றன. கழிவு மணல் கொட்டிய இடத்துக்கு அருகில் சேறு எடுக்க வேண்டாம்.

ஆழ்துளைக் கிணறு: ஆயிரம் அடிக்கும் கீழிருந்து இறைத்த நீர் வயல் வழியாகக் குளத்தில் வடியும். பாறையோடு நீண்டகாலம் கிடந்த நீர் அது. அதையும் தனி மூலமாக வைத்து ஒரு மாதிரி எடுங்கள்.

3. அனுமதிக் கடிதங்கள்

எந்தக் குளம் யாருடையது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மாநகர எல்லைக்குள் உள்ள உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்றவற்றுக்கு மாநகராட்சியிடம் போக வேண்டும். ஈரோட்டின் வெள்ளோடும் திருப்பூரின் நஞ்சராயன் குளமும் பறவைகள் சரணாலயங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் உள்ளவை. அங்கே வனத் துறை அனுமதியின்றி ஒரு பாட்டில் தண்ணீர்கூட எடுக்கக்கூடாது. சத்தியமங்கலம், ஆனைமலை புலிகள் காப்பகங்களுக்கு விண்ணப்பம் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போகும். மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஆகவே ஓராண்டுத் திட்டத்தில் காப்பகத்துக்குள் இருக்கும் இடத்தை நம்பியிருக்க வேண்டாம்.

மனுவோடு இணைக்க வேண்டியவை: துறைத் தலைவர் கையொப்பமிட்ட கடிதம், அடையாள அட்டை நகல், இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகையோடு வரைபடம், எடுக்கும் அளவு, தேதிகள். அளவை லிட்டரிலும் கிலோவிலும் தெளிவாக எழுதுங்கள். "சேறு எடுக்க" என்று மட்டும் எழுதினால் மண் அள்ளும் மனு என்று நினைத்து வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அது உறங்கும். "ஆய்வுக்காக இரண்டு கிலோவுக்கும் குறைவான படிவு" என்று எழுதினால் கோப்பு நகரும். ஒப்புகை முத்திரையிட்ட நகலைக் கையோடு வாங்குங்கள். களத்துக்குப் போகும்போது அந்த நகலும் இருக்க வேண்டும். காவலரோ ஊர்ப் பெரியவரோ கேட்டால் காட்டத் தேவைப்படும்.

4. எப்போது போவது

நொய்யலும் பவானியும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை நம்பியவை. சமவெளியில் நல்ல மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நீர் மாதிரியைக் குறைந்தது நான்கு முறை எடுங்கள்: மே, ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி. கீழ்பவானிப் பாசனப் பகுதியில் வேலை என்றால் வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் தேதியைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு, திறப்பதற்கு முன்பும் நெல் கதிர் வாங்கும் சமயத்திலும் போங்கள். நெல் சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சும் பயிர். அந்த இடைவெளியில்தான் வடிகால் நீர் மாறும்.

சேறு எடுக்க ஏப்ரல், மே நல்லது. வற்றிய குளத்தில் குழி வெட்டினால் அடுக்குகளைக் கண்ணால் பார்க்கலாம். வெடித்துப் பிளந்த இடத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், மேல்மண் பிளவுக்குள் விழுந்திருக்கும்.

5. தண்ணீர் மாதிரி

கண்ணாடியை மறந்துவிடுங்கள். பாட்டில், சிரிஞ்சு, புனல் எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கண்ணாடியே சிலிக்கா, அது கரைந்து மாதிரியில் சேரும். கண்ணாடியிழை வடிதாளும் கூடாது. 0.45 மைக்ரான் செல்லுலோஸ் அசிட்டேட் அல்லது பாலியீத்தர் சல்ஃபோன் வடிதாளில் இடத்திலேயே வடிகட்டுங்கள். வடிகட்டியதைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். உறைய வைக்காதீர்கள், செறிவு அதிகமான மாதிரி உறைந்தால் சிலிக்கா மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும், அதன் பிறகு, கரைந்த சிலிக்காவை நிறத்தை வைத்து அளக்கும் மாலிப்டேட் முறையில் அளவு குறைவாக வரும்.

மாலிப்டேட் நீல முறைக்கு ஒரு நிறமாலைமானி போதும், எந்தக் கல்லூரியிலும் இருக்கும். நம் ஊரில் இரண்டு சிக்கல்கள். சாக்கடை கலந்த குளங்களில் பாஸ்பேட் அதிகம், அதுவும் மாலிப்டேட்டோடு சேர்ந்து நிறம் கொடுக்கும். ஆக்சாலிக் அமிலம் சேர்க்கும் படியைத் தவறவிடாதீர்கள். சாய நீருக்குத் தனக்கென்றே ஒரு நிறம் உண்டு. ஒவ்வொரு மாதிரிக்கும் வினைப்பொருள் சேர்க்காத ஒரு வெற்று அளவீடு எடுத்துக் கழியுங்கள். உலக ஆறுகளின் சராசரி லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் சிலிக்கா. உங்கள் எண் அதற்குப் பல மடங்கு மேலே நின்றால் முதலில் வெற்று அளவீட்டைச் சந்தேகப்படுங்கள், பிறகு ஆற்றை.

6. சேற்றுத் தூண்

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 63 அல்லது 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய், இரண்டு முனைக்கும் மூடி, ஒரு ரப்பர் அடைப்பான் போதும். பரிசல்காரரோடு கூலியை முன்பே பேசிவிடுங்கள். காலையில் காற்று எழுவதற்கு முன் முடிப்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் பரிசல் ஓரிடத்தில் நிற்காது.

ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, குழாயை ஒட்டிய வெளி விளிம்பைக் கழித்துவிட்டு, ஜிப் பைகளில் போடுங்கள். ஒவ்வொரு பையிலும் இடம், ஆழம், தேதி. மார்க்கர் எழுத்து ஈரத்தில் அழியும் என்பதால் இன்னொரு வெளிப் பை போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றையும் அதற்குள் வையுங்கள். காலம் கணிக்க ஈயம்-210 பொருத்தம். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு, ஆகவே நூறு, நூற்றைம்பது ஆண்டு வரையே பேசும்.

7. ஒப்பீட்டுக்குப் பயிர்களைச் சேகரியுங்கள்

சேற்றில் கிடைப்பது எந்தச் செடியுடையது என்று சொல்ல, உங்கள் வட்டாரத்துச் செடிகளின் பைட்டோலித் உங்களிடம் இருக்க வேண்டும். இலை, தண்டு, உமி ஆகியவற்றைத் தனித்தனியாகக் கழுவி, மஃபிள் உலையில் 500 டிகிரியில் சாம்பலாக்கி, அமிலத்தில் அலசினால் போதும். செலவு மிகக் குறைவு, பயன் மிகப் பெரிது.

நெல்லுக்கு விசிறி வடிவம் உண்டு. அதன் வட்ட ஓரத்தில் மீன் செதில் போன்ற கோடுகள் தெரியும். உமியில் இரட்டைக் கூம்பு. வாழையில் எரிமலை வாய்போல் நடுவில் குழிந்த துணுக்கு. தென்னையில் முள் நிறைந்த உருண்டை. இவை எளிதில் பிடிபடும். ஏமாற்றுபவை வேறு. இருபுறம் உருண்ட டம்பெல் வடிவத்தைப் பார்த்ததும் சோளம் என்று எழுதிவிடத் தோன்றும். கரும்பும், காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) வளரும் கொழுக்கட்டைப் புல்லும் அதையே தருகின்றன. சேண வடிவம் ராகியாகவும் இருக்கலாம், வரப்பில் வளரும் அருகம்புல்லாகவும் இருக்கலாம். பருத்தி சிலிக்காவை மிகக் குறைவாகவே சேர்க்கும் செடி. பருத்தி நிறைந்திருந்த காடுகளின் சேற்றில் அது கிட்டத்தட்டத் தெரியாது; தெரியவில்லை என்பதற்காக விளையவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

8. சுத்தம் செய்வது

இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். கொங்கு மண்ணில் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்) பொடி எங்கும் கலந்திருக்கும். அமிலம் பட்டதும் நுரை பொங்கி முகவையைத் தாண்டும். துளித்துளியாக ஊற்றுங்கள், நுரை முற்றிலும் அடங்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். அடுத்து 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, நீர்த்தொட்டியில் மெதுவாகச் சூடு. சாக்கடைக் குளத்தின் கறுப்புச் சேறு பெராக்சைடோடு சில நிமிடம் சும்மா இருப்பதுபோல் இருந்துவிட்டுத் திடீரென்று கொதித்தெழும். பெரிய முகவையில் கொஞ்சமாக எடுங்கள், கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். கறுப்பு போய்ச் சாம்பல் வெள்ளை வந்தால் முடிந்தது.

பிறகு களிமண்ணைப் பிரிக்க சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசல், 10 மைக்ரான் நைலான் வலை. குவார்ட்ஸை நீக்கச் சோடியம் பாலிடங்ஸ்டேட் கனத்திரவம்: அடர்த்தி 2.3 அளவில் வைத்தால் உயிர்வழிச் சிலிக்கா மிதக்கும், 2.65 அடர்த்தி கொண்ட குவார்ட்ஸ் அடியில் தங்கும். இந்தத் திரவம்தான் முழுத் திட்டத்திலும் விலை அதிகமான வேதிப்பொருள். வடிகட்டி ஆவியாக்கி மீட்கலாம். ஒரு துளியையும் கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம். இரண்டு, மூன்று மாணவர்கள் சேர்ந்து வாங்கினால் சுமை குறையும்.

ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைத் தொட வேண்டாம். அதற்கான பயிற்சியும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இல்லாத கல்லூரியில் அது உயிருக்கு ஆபத்து. ஐசோடோப்பு ஆய்வகங்கள் வெள்ளிக் கிண்ணத்தில் சோடியம் ஹைட்ராக்சைடோடு உருக்கும் முறையைப் பின்பற்றுகின்றன. அந்த வேலையை அவர்களிடமே விடுங்கள்.

9. எண்ணுவதும் அளப்பதும்

டயட்டம் எண்ணும்போது மாதிரிக்கு 300 முதல் 500 ஓடுகள் வரை எண்ணுங்கள். நிட்ஷியா பேலியா, சைக்ளோடெல்லா மெனிகினியானா என்ற டயட்டம் இனங்கள் மிகுந்திருந்தால் மாசு நிறைந்த நீர். ஓடுகளின் விளிம்பு அரித்திருக்கிறதா என்றும் குறித்துவையுங்கள். நீரின் pH அளவு 9ஐத் தாண்டும்போது சிலிக்கா வேகமாகக் கரையும், சுண்ணாம்பு மிகுந்த நம் கரிசல் பகுதிக் குளங்களில் இந்த இழப்பு உண்மையிலேயே நடக்கும். கருகிய நெல் உமித் துணுக்குகள் கூட்டமாக வந்தால் இரண்டாம் படியில் குறித்த ஆலையை நினைவில் கொண்டுவாருங்கள்.

மொத்த உயிர்வழிச் சிலிக்காவுக்கு 1 சதவீதச் சோடியம் கார்பனேட், 85 டிகிரி. 3, 4, 5 மணி நேரங்களில் எடுத்து அளந்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டிக் களிமண்ணின் பங்கைக் கழிக்கும் முறை போதுமானது.

10. ஐசோடோப்புக்கு அனுப்புவது

அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம், ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில், ஐசோடோப்பு விகிதத்தை அளக்கும் பல சேகரிப்பான் நிறைமானிகள் இருக்கின்றன. ஆனால் கருவி இருப்பது வேறு, அதில் சிலிக்கான் அளக்கும் நடைமுறை ஓடிக்கொண்டிருப்பது வேறு. மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள்: சிலிக்கான் அளக்கிறீர்களா, டயட்டமைட் என்ற ஒப்பீட்டுத் தரத்தை உடன் ஓட்டுகிறீர்களா, ஒரு மாதிரிக்கு என்ன கட்டணம், ஜிஎஸ்டி அதில் அடங்குமா, வரிசை எவ்வளவு நீளம்? டயட்டமைட்டின் ஏற்கப்பட்ட மதிப்பு +1.26 அளவு, அது சரியாக வந்த நாளின் அளவீடுகளை மட்டும் நம்புங்கள். நுண்படிமங்களை அடையாளம் காண உதவி வேண்டுமென்றால் லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தை அணுகலாம். வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரக்கூடும். மண்ணென்றால் போய்ச் சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதியும் தேவைப்படலாம். இரண்டையும் உங்கள் ஆய்வு வழிகாட்டி மூலமாக எழுத்தில் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே பொட்டலம் கட்டுங்கள்.

அனுப்பும் முன் ஒவ்வொரு மாதிரியிலும் அலுமினியத்தை அளந்துவிடுங்கள். ஆக்சைடாகக் கணக்கிட்டு 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் களிமண் மிச்சமிருக்கிறது. களிமண் இலேசான சிலிக்கானைப் பிடித்து வைப்பது, ஆகவே உங்கள் டயட்டத்தின் மதிப்பைக் கீழே இழுக்கும். மறுபடி எட்டாம் படிக்குப் போவதே மலிவு. ஓர் அளவீட்டுக்கு ஒன்று முதல் ஐந்து மில்லிகிராம் சுத்தமான உலர்ந்த பொடி தாராளம்.

கூரியரில் திரவம் என்றால் பொருள் பாதுகாப்புத் தாள், அமிலம் இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள், சில நேரம் திருப்பியே அனுப்பிவிடுவார்கள். உலர்ந்த பொடியைப் பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, "அபாயமற்ற ஆய்வு மாதிரி, வணிக மதிப்பு இல்லை" என்று துறைக் கடிதம் இணைத்தால் தடை வராது. ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை மட்டுமே அனுப்புங்கள். மற்ற பாதியையும், கூடவே அதே மாதிரி எண்களுடன் எழுதிய பட்டியலின் ஒரு நகலையும் உங்கள் துறையின் அலமாரியில் பூட்டிவையுங்கள்.